கோத்தகிரியிலிருந்து கப்பலேறப் போகிறவர்களுக்கு: தீவுப் பயணமும் கரையில் கிடைக்கும் நேரமும்

அம்மா ஒன்பது வயதில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் கடலைப் பார்த்ததில்லை. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு தடவ கப்பல்ல போவணும்டா. இந்த தடவ நம்ம காசுல டிக்கெட் எடுத்து."

நான் கோத்தகிரியில் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். நாள் முழுக்க இலை எடையும் நிலுவையும் பார்க்கிற எனக்கு ஒரு பயணத் திட்டம் போடுவது பெரிய காரியமா என்று நினைத்தேன். பெரிய காரியம்தான். முதல் முறை சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனோம். பாதிக்குப் பாதி ஏமாற்றம். இரண்டாம் முறை சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய் வந்தோம்; அது தேவலை. நடுவில் பேக்டரியில் கூட வேலை செய்யும் நண்பர் லட்சத்தீவு போனார், அவருக்குக் காகித வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன். இந்த மூன்றிலும் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். மலையிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுவதால் சில இடங்களில் கடலை விட மலைப்பாதையைப் பற்றித்தான் அதிகம் வரும்.

1. கப்பலைப் பார்க்கும் முன் மாதத்தைப் பாருங்கள்

எந்தத் தீவு என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. லட்சத்தீவுக்குச் சுற்றுலாக் கப்பல்கள் ஓடுவது அக்டோபரிலிருந்து மே நடு வரை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தக் கடலில் படகு மாறி இறங்குவது நடக்காத காரியம். புக்கெட், லங்காவி பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. இலங்கைக்கு ஒரே பதில் கிடையாது: திருகோணமலை இருக்கும் கிழக்குக் கரை மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும், அதே மாதங்களில் தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். நாங்கள் போனது ஆகஸ்டில். அம்பாந்தோட்டைப் பக்கம் வரும்போது கப்பல் ஆடிய ஆட்டத்தில் சாப்பாட்டுக்கூடமே காலி. மறுநாள் திருகோணமலையில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

இதோடு நம் மலையின் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. மண் சரிந்து சாலை மூடுவதும் மலை ரயில் நிற்பதும் அப்போதுதான். மே மாதம் ஊரே வண்டிகளால் நிறைந்திருக்கும், பள்ளி விடுமுறை என்பதால் கப்பல் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பனி விழுந்து கொழுந்து குறையும் தை, மாசிதான் நமக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. பேக்டரியில் விடுப்பும் கிடைக்கும்.

2. மலையிலிருந்து மூன்று வாசல்

கொச்சி வாசல் லட்சத்தீவுக்கு. விசா வேண்டாம், மேட்டுப்பாளையம் இறங்கி கோவை, பாலக்காடு வழியாக ஒரே நாளில் கொச்சி போய்விடலாம். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு நடத்தும் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் தொகுப்பில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றும் வரும். பகலில் தீவில் இறக்கி, சாப்பாடு போட்டு, சாயங்காலம் கப்பலுக்குத் திருப்பிக் கூட்டி வருவார்கள், தூக்கம் கப்பலில். கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரக் கடல் பயணம். நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எதிர்பார்த்துப் போகாதீர்கள்; இது தீவு மக்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மது கிடையாது. என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு இதுதான் சரி, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இல்லை. காரணம் மூன்றாம் பகுதியில்.

சென்னை வாசல் இலங்கைக்கு. 2023 ஜூனில்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அந்தப் பருவத்தில் போனது. வருடம் முழுக்க ஓடுவதில்லை, பருவத்துக்குப் பருவம் துறைமுகமும் மாறும்.

மூன்றாவது சிங்கப்பூர். கோவையிலிருந்தே நேரடி விமானம் இருப்பதால் சென்னைக்குப் போவதை விட இது நமக்குச் சுலபம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. மூன்று, நான்கு, ஐந்து இரவுப் பயணங்கள் கிடைக்கின்றன.

அந்தமான் கப்பலையும் இதில் சேர்த்துக் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து போவது பயணிகள் கப்பல், ஒரு வழிக்கே மூன்று நாள் பிடிக்கும். இந்தக் கட்டுரை அதற்கானதல்ல.

3. தீவுகளை எண்ணாமல் மணி நேரத்தை எண்ணுங்கள்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் பயண அட்டவணையில் அம்பாந்தோட்டை, காலை 9 முதல் மாலை 6 என்று போட்டிருந்தது. ஒன்பது மணி நேரம்! அம்மா பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், இரண்டு விரற்கடை தூரம். போய், லயத்தைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அவர் அதற்காகப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தார்.

கப்பல் சரியாக 9 மணிக்குத்தான் கட்டப்பட்டது. ஆனால் குடியேற்ற அதிகாரிகள் ஏறி, முத்திரை வைத்து, வரிசை நகர்ந்து நாங்கள் தரையில் கால் வைத்தபோது மணி பத்தே கால். வாசலில் நின்ற வேன் ஓட்டுநருக்கு நல்ல தமிழ். ஹட்டன் என்றதும் சிரித்துவிட்டார். "ஐயா, ஒரு பக்கம் போறதுக்கே அஞ்சு மணித்தியாலம் குறையாது. மலை ரோடு வேற." மலை ரோட்டைப் பற்றி எனக்கே ஒருவர் சொல்ல வேண்டியதாயிற்று! அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு வெளியே கடையில் ஒரு தேயிலைப் பாக்கெட் வாங்கினார். பிரித்து, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "மலையில பறிச்சதுதான்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று எங்கள் இலங்கைச் சுற்றுலா அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அட்டவணையில் இருக்கும் நேரத்தை நான் இப்படிக் கழித்துப் பார்க்கிறேன்:

வந்து சேரும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கிளம்பும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழியுங்கள்; 'எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்' என்று ஒன்று தனியாக அறிவிப்பார்கள், அது கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். மிச்சத்தில் துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கழியுங்கள். கடைசியாக, போக்குவரத்து நெரிசலுக்கு முக்கால் மணி. மீதி இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் நேரம். 9 முதல் 6 என்பது, ஊர் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால், நாலே கால் மணி நேரம் ஆகிவிடும். அந்த நாலே கால் மணிக்கு என்ன பார்க்கலாம் என்று யோசித்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

அடுத்தது, துறைமுகத்தின் பெயரை நம்பாதீர்கள். விளம்பரத்தில் கோலாலம்பூர் என்று இருந்தால் கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். நகரத்துக்கு வண்டியில் ஒரு மணி நேரமாவது ஆகும், பத்துமலை முருகனைப் பார்க்க நினைத்தால் இன்னும் கூடும். லங்காவியில் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் துறை தீவின் தென்மேற்கு முனையில், கடற்கரைக்குப் பக்கத்தில். தீவின் பெரிய ஊரான கூவா தள்ளி இருக்கிறது. இதற்கெல்லாம் நேர்மாறு பினாங்கு. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசல்படி மாதிரி. இறங்கி நடந்தால் சற்று நேரத்தில் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த கோயில் அது. பூக்கடைக்காரம்மா அம்மாவைப் பார்த்து "எந்த ஊருங்க அம்மா?" என்று கேட்டார். ஒரு ரூபாய் வண்டிச் செலவில்லாமல் ஆறு மணி நேரம் சுற்றினோம். மூன்று தீவு காட்டும் திட்டத்தை விட, பினாங்கு மாதிரி ஒரே ஒரு துறைமுகத்தில் இரவு வரை நிற்கும் திட்டம் மேல் என்பது என் முடிவு.

கப்பல் கரையோடு கட்டுமா, நடுக்கடலில் நங்கூரமிட்டுப் படகில் இறக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். படகு என்றால் இறங்க வரிசை எண், ஏற வரிசை, எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் போகும். காற்று எழும்பினால் முதலில் ரத்தாவதும் இந்த மாதிரித் துறைமுகங்கள்தான். அப்படி ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போக ஒப்பந்தத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் துறைமுக வரி மட்டும்தான் திரும்ப வரும். லட்சத்தீவில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, அலைக்கு ஏறி இறங்கும் படகில் கால் வைக்க வேண்டும். இரண்டு பேர் கையைப் பிடித்து இறக்குவார்கள், பயமில்லை. ஆனால் என் அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது என்றுதான் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

நம் ஆட்கள் கோயில் பார்க்காமல் திரும்புவதில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோயில்கள் மதியம் நடை சாத்தும். பதினொரு மணிக்குக் கப்பல் வந்து நாலு மணிக்குக் கிளம்பினால், சாமி கதவு சாத்தியிருக்கும் நேரம் முழுக்க நீங்கள் ஊரில் இருப்பீர்கள். திருகோணமலையில் நாங்கள் சீக்கிரமே இறங்கியதால்தான் கோணேஸ்வரத்தில் தரிசனம் கிடைத்தது. பாறையின் விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தபோதுதான் அம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

4. கப்பலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம்

சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து அவர்களை விட ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் பயணம் முழுவதும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. ஆனால் புக்கெட்டில் கால் வைத்ததும் என் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, எனக்குத் தெரியாமல்.

பட்டோங் கடற்கரையில் உட்கார்ந்து இளநீர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைசிப் படகு 4.30. கைப்பேசியில் 3.05. இன்னும் ஒரு கடை பார்க்கலாம் என்று என் மனைவி எழுந்தாள். அம்மா தன் கையைத் திருப்பி நீட்டினார். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்த பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சாவி கொடுக்கும் கடிகாரம் அது. சாங்கி விமான நிலையத்தில் சுவரைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்ததோடு சரி. "எனக்கு நாலு ஆச்சேடா" என்றார். ஐஸ்கிரீமைப் போட்டுவிட்டு ஓடினோம்.

எனவே கப்பலில் ஏறியதும் ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, இறங்கும்வரை தொடாதீர்கள். கப்பல் நேரம் மாறினால் முந்தின இரவு அறைக்கு வரும் அறிவிப்புத் தாளில் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். கைப்பேசியில் நேரம் தானாக மாறும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

5. கப்பல்காரர் சுற்றுலாவா, நாமே போவதா

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனால் பேருந்து தாமதமானாலும் கப்பல் நிற்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நாமே ஆட்டோ பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். அதற்கப்புறம் விமானச் செலவும் விசாச் சிக்கலும் நம்முடையது. விலையோ இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம். நான் பின்பற்றுவது இதுதான்: துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருந்தால் நாமே, அதற்கு மேல் போனால் கப்பல்காரரோடு.

6. காகிதங்கள்

கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது செல்ல வேண்டும். 36 பக்கச் சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. 60 வயது தாண்டியவர்களுக்குப் புதிய விண்ணப்பத்தில் 10 விழுக்காடு குறைவு.

நீலகிரியில் எங்களைப் போல இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இலங்கையில் பிறந்தவர்கள் என்றால் மற்றவர்களை விடச் சில மாதங்கள் முன்னாலேயே தொடங்குங்கள். பிறந்த இடம் இலங்கை என்று எழுதியதுமே குடியுரிமைக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வரும். வரும்போது கண்டியில் இந்திய உதவித் தூதரகம் கொடுத்த பழைய கடவுச்சீட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இரண்டையும் தேடி எடுங்கள். அம்மாவின் விஷயத்தில் அவர் பெயர் அவருடைய அப்பாவின் பழைய சீட்டில் குழந்தைகள் வரிசையில் இருந்தது. அந்தச் சீட்டு மாமா வீட்டுப் பரணில், சாமி படத்துக்குப் பின்னால். அதைக் கண்டுபிடித்த பிறகும் எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. தட்கல் என்று ஒரு முகவர் ஆசை காட்டினார். அந்தப் பணம் வீண்.

அடுத்த பொறி இனிஷியல். கடவுச்சீட்டில் இனிஷியல் எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு ஒரே பெயரோடு சீட்டு வாங்கியிருப்பவர்கள் நம்மில் பலர். கப்பல் பதிவுப் பக்கம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. எங்கள் முகவர் விமானச்சீட்டில் என் தாத்தா பெயரையும் கப்பல் சீட்டில் அம்மா பெயரையே இரண்டு முறையும் போட்டுவிட்டார். திருத்துவதற்குத் தனிக் கட்டணம். பதிவு செய்யும் முன்பே, ஒற்றைப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று இரண்டு நிறுவனங்களிடமும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கினால் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள், ஆகவே பல முறை நுழையும் விசாவா என்று பாருங்கள். அங்கே தெரிந்தவர் இல்லாத நம்மைப் போன்றவர்கள் சிங்கப்பூர் விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம்தான் போட வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கூலி தனி. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறது, ஆனால் அது தேதி குறித்துக் கொடுத்த சலுகை. பணம் கட்டும் முன் இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைக்கு ஈடிஏ என்ற இணையப் பயண அனுமதி: கப்பல் நிறுவனம் மொத்தமாக எடுக்கிறதா, நாமே எடுக்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் ஏறும் மேசையில் செல்லாது.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இணையத்தில் வருகை அட்டை உண்டு. வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். தேடினால் முதலில் வருவது பணம் கேட்கும் போலிப் பக்கங்கள். என் மைத்துனர் ஒரு முறை கட்டிவிட்டார். கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அந்த அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும், இதைப் பலர் மறந்து கடைசி நாள் காலையில் வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியைத் தட்டுகிறார்கள்.

ஏறியதும் கடவுச்சீட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. பதறாதீர்கள், வழக்கம்தான். நகல் ஒன்றைப் பையிலும் படம் ஒன்றைக் கைப்பேசியிலும் வையுங்கள்.

லட்சத்தீவுக்கு இந்தியராக இருந்தாலும் நுழைவு அனுமதி வேண்டும். தொகுப்பில் போகிறவர்களுக்கு ஏற்பாட்டாளரே எடுப்பார், புகைப்படமும் அடையாள அட்டை நகலும் கொடுத்தால் போதும். தனியாகப் போகிறவர்களிடம் காவல்துறைச் சான்று கேட்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையப் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம், நண்பருக்காக நான் கட்டியது 500 ரூபாய். அவர் முதலில் தனியாகத்தான் போவதாக இருந்தார். வசிப்பது கோத்தகிரியில், ஆதார் முகவரியோ கூடலூர். விசாரணை கூடலூர் நிலையத்துக்குப் போய் அங்கே ஆள் இல்லை என்று படுத்துக்கொண்டது. இரண்டு வாரம் போனதும் வெறுத்துப்போய்த் தொகுப்புக்கு மாறினார்.

7. பணம்

விளம்பரத்தில் இருக்கும் தொகை, இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். ஒருவர் தனியாகப் போனால் ஏறக்குறைய இருவர் பணத்தையும் கட்ட வேண்டும். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவு. நாங்கள் மூவரும் ஒரே அறையில் இருந்ததால் மிச்சம்.

அதற்கு மேல் துறைமுக வரி, ஜிஎஸ்டி, ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று கட்டாயமாகப் பிடிக்கும் கப்பல் ஊழியர் அன்பளிப்பு (டிப்ஸ்), விசா, காப்பீடு, கரைச் செலவு, கிளம்பும் முந்தின இரவு தங்கும் அறை, விமானம் அல்லது ரயில். எங்கள் நோட்டுக் கணக்கில், விளம்பரத்தில் 100 ரூபாயாக இருந்தது வீடு திரும்பும்போது 170 ஆகியிருந்தது. மெல்லிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு முகவரிடம் "கடைசித் தொகை எவ்வளவு, எல்லாம் சேர்த்து?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். இழுத்தால் வேறு முகவரைப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆகவே தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணில் பணம் கட்டுங்கள். நான் அம்மாவின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மீட்பதற்காக, வாழ்நாளில் முதல் முறையாக அவருக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தேன். "நான் என்னடா சம்பாதிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கடலில் போகும்போது கைப்பேசியை விமான நிலைக்கு (ஃபிளைட் மோடு) மாற்றிவிடுங்கள். கப்பலுக்கென்று தனி அலைபேசிக் கோபுரம் இருக்கும். நம் தொலைபேசி தானாக அதைப் பிடித்துக்கொண்டால், சாதாரண ரோமிங் திட்டம் அதற்குச் செல்லாது, பில் கண்ணைக் கட்டும். கப்பல் மருத்துவரும் இலவசமில்லை, காப்பீடு கடல் பயணத்துக்கும் செல்லுமா என்று பார்த்து எடுங்கள்.

8. அறையும் குமட்டலும்

கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காதவர்கள் கடலில் எடுக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பொய். மேட்டுப்பாளையம் பேருந்தில் உட்கார்ந்து தூங்குகிற நான்தான் முதல் இரவு வாளியும் கையுமாக இருந்தேன். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போடுங்கள். குமட்டல் வந்த பிறகு பலன் குறைவு. ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே குளிரூட்டி ஊட்டியைத் தோற்கடிக்கும்.

9. இறங்குவதும் ஏறுவதும்

கப்பல் கிளம்பும் நாளில் மலையை விட்டு இறங்காதீர்கள். முந்தின நாளே கோவையிலோ சென்னையிலோ கொச்சியிலோ இருங்கள். கப்பலில் பதிவு மேசையை, கிளம்பும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி விரைவு ரயில் விடிகாலையில் சென்னையில் விட்டுவிடும், அன்று மதியம் கப்பல் என்றால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் ஒரு நாள் முன்னதாகவே அதில் ஏறுவேன். மழை நாளில் கோத்தகிரிப் பாதை, குன்னூர்ப் பாதை இரண்டில் எது திறந்திருக்கிறது என்று இறங்கும் முன் பேருந்து நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

திரும்பும் நாளில் கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் பெட்டி, வரிசை எல்லாம் முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மதியத்துக்கு முன்னால் விமானம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வது. 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்குத் தேவையில்லை. ஆனால் கோவை விமான நிலையத்தில் நீங்கள் பிடிக்கும் டாக்சி கோவைப் பதிவு எண் கொண்டது, அதற்கு வேண்டும். இலவசம்தான், இணையத்தில் சில நிமிட வேலை. விமானத்துக்குக் காத்திருக்கும்போதே வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். சிக்னல் கிடைக்காமல் நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்க, அம்மா கண்ணாடியை இறக்கிக் காவலரிடம் சொன்னார்: "மூணு நாடு போயிட்டு வரோம் தம்பி. எங்கயும் இவ்ளோ நேரம் நிக்க வெக்கல."